ஒரு விபத்து, மூன்று கணக்குகள்

2017 ஜனவரியில், கோவையைச் சேர்ந்த பொறியியல் மாணவர் ஒருவர் நண்பரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போய்க்கொண்டிருந்தார். முன்னால் போன கார் நெடுஞ்சாலையில் சட்டென்று நின்றது. கர்ப்பிணியான மனைவிக்குக் குமட்டல் வந்ததால் பிரேக் போட்டதாகக் கார் ஓட்டியவர் பின்னர் சொன்னார். பைக் காரின் பின்புறம் மோதியது. கீழே விழுந்த மாணவரின் காலில், பின்னால் வந்த பேருந்து ஏறியது. அவருடைய இடது காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

தவறு யாருடையது? விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயம் கார்க்காரரை விடுவித்துவிட்டு, மாணவர்மீது 20 சதவீதம், பேருந்துமீது 80 சதவீதம் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் கார் 40, பேருந்து 30, மாணவர் 30 என்று பிரித்தது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் கார் 50, பேருந்து 30, மாணவர் 20 என்று முடித்தது.

சாட்சியமும் ஆவணமும் மூன்று இடத்திலும் ஒன்றுதான். மொத்த இழப்பீட்டை உச்ச நீதிமன்றம் சுமார் 1.14 கோடி ரூபாய் எனக் கணித்தது. ஆக, மாணவர்மீது ஏற்றப்படும் ஒவ்வொரு சதவீதத்துக்கும் அவர் கையைவிட்டுப் போவது ஒரு லட்சத்துக்கும் மேல்.

எம்.சி.ஓ.பி. என்று வக்கீல்கள் சொல்லும் இந்த விபத்து இழப்பீட்டு வழக்குகளில் தீர்ப்பாயத்தின் கையில் இருப்பவை பெரும்பாலும் சில தாள்கள்தான். 'அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்' என்ற வாசகம் தவறாமல் இடம்பெறும் முதல் தகவல் அறிக்கை, போலீஸ் வரைந்த மாதிரி வரைபடம், பார்வை மகஜர், மோட்டார் வாகன ஆய்வாளரின் அறிக்கை. சாலை எவ்வளவு அகலம், மோதிய இடம் எந்த ஓரம், வண்டியில் நசுங்கியது முன்பக்கமா பின்பக்கமா என்பதையெல்லாம் இவற்றிலிருந்துதான் படித்தெடுக்க வேண்டும். குற்ற வழக்கைப் போல ஐயத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டியதில்லை; எப்படி நடந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும். ஓட்டுநர் குற்ற வழக்கில் விடுதலையானாலும் இழப்பீடு கேட்கும் வழி அடைபடாததற்கு இதுவே காரணம்.

சிக்கல், காயம்பட்டவரின் பங்கைக் கணக்கிடும்போது தொடங்குகிறது. உரிமம் இல்லை, ஹெல்மெட் இல்லை, ஒரே பைக்கில் மூன்று பேர் என்றெல்லாம் காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் அடுக்குவார். விதியை மீறியது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் அந்த மீறலால்தான் விபத்து நடந்ததா, காயம் பெரிதானதா என்பது வேறு கேள்வி. உரிமம் இல்லாதது மட்டுமே கவனக்குறைவு ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. 2020-இல் இன்னொரு வழக்கு. மூன்று பேர் சென்ற பைக்கைப் பின்னாலிருந்து கார் மோதியதில், பின்னால் அமர்ந்திருந்த இளைஞர் இறந்தார். மூவர் சென்றதற்காக உயர் நீதிமன்றம் 10 சதவீதம் பிடித்தது. மீறலுக்கும் மோதலுக்கும் தொடர்பு காட்டப்படவில்லை என்று உச்ச நீதிமன்றம் அந்தப் பிடித்தத்தை நீக்கியது.

கோவை வழக்குக்கும் இந்தக் கேள்வி பொருந்தும். நெடுஞ்சாலையில் வண்டிகள் வேகமாகத்தான் வரும், நிறுத்த நினைப்பவர்தான் பின்னால் வருபவரை எச்சரிக்க வேண்டும் என்று கார்க்காரரின் பங்குக்கு நீதிமன்றம் தெளிவான காரணம் சொன்னது. மனைவிக்கு உடல்நிலை சரியில்லை என்ற விளக்கத்தையும் ஏற்கவில்லை. வரவேற்கத்தக்க தீர்ப்பு. ஆனால் மாணவர் முன்வண்டியோடு போதிய இடைவெளி விடவில்லை என்பதுடன், உரிமம் இல்லாமல் ஓட்டினார் என்பதும் அங்கே சேர்ந்தே வருகிறது. இடைவெளி விடாதது மோதலுக்கு நேரடிக் காரணம். உரிம அட்டை பையில் இருந்திருந்தால் மட்டும் பைக் நின்றிருக்குமா? அந்த 20 சதவீதத்தில் எது எவ்வளவு என்று காயம்பட்டவருக்குத் தெரிய வேண்டாமா?

இப்படி விளக்கிச் சொல்வது நீதிமன்றங்களால் முடியாத காரியமல்ல. ஊனத்தைக் கணிப்பதில் உச்ச நீதிமன்றத்தின் 2010-ஆம் ஆண்டு ராஜ்குமார் தீர்ப்பு படிப்படியான முறையையே வகுத்துக் கொடுத்தது. இடது கையை இழந்தவர் ஓட்டுநரோ தச்சரோ என்றால், மருத்துவர் 60 சதவீதம் என்று எழுதித் தந்தாலும் பிழைப்பு கிட்டத்தட்ட முழுவதும் போய்விடுகிறது. அரசு அலுவலக எழுத்தர் என்றால் வேலை நீடிக்கக்கூடும். எனவே சான்றிதழில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், அவர் என்ன வேலை செய்தார், இனி எதைச் செய்ய முடியும் என்று தீர்ப்பாயம் விசாரித்து எழுத வேண்டும் என்றது அந்தத் தீர்ப்பு.

தவறைப் பங்கிடும்போதும் அதே ஒழுங்கு வேண்டும். எந்தச் செயல், அது மோதலை உண்டாக்கியதா அல்லது காயத்தைக் கூட்டியதா, அதற்கு எந்த ஆவணம் ஆதாரம், அதனால் எத்தனை சதவீதம் என்று தீர்ப்பாயத்தின் முதல் உத்தரவிலேயே வரிவரியாக இருக்க வேண்டும். விபத்து நடந்ததிலிருந்து கோவை மாணவரின் வழக்கு முடிய எட்டு ஆண்டுகளுக்கு மேலானது. காரணம் எழுதப்பட்டிருந்தால், மேல்முறையீட்டில் எதை எதிர்த்து வாதாட வேண்டும் என்பதாவது அவருடைய வக்கீலுக்கு முதல் நாளே தெரிந்திருக்கும்.