பெரிய யானை வாங்கலாமா?

நம் ஊரில் "குட்டி யானை" ஓடுகிறது. டாடா ஏஸ் என்பது அதன் சொந்தப் பெயர். அந்தப் பெயரைச் சொன்னால் பலர் விழிப்பார்கள். "குட்டி யானை" என்று சொல்லுங்கள். வாழைத்தார் ஏற்றுகிறவருக்கும் தெரியும். வீடு மாற்றுகிறவருக்கும் தெரியும்.

அமெரிக்காவில் ஒரு பெரிய யானை இருக்கிறது!

அதன் பெயர் ஃபோர்டு எஃப்-150. இந்த மாதிரி வண்டியை அங்கே "பிக்கப்" என்கிறார்கள். முன்பாதியைப் பார்த்தால் கார். பின்பாதியைப் பார்த்தால் மேல்மூடி இல்லாத லாரி. நீளம் 19 அடிக்கு மேல். இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் சேர்த்தால் அகலம் ஏறக்குறைய 8 அடி. 1977ஆம் ஆண்டு முதல் 2024ஆம் ஆண்டு வரை, அமெரிக்காவில் ஆண்டுதோறும் மிக அதிகமாக விற்ற லாரி ஃபோர்டின் எஃப் வரிசைதான்.

"அமெரிக்க வண்டியைப் பற்றி நமக்கு என்ன?" என்று கேட்பீர்கள்.

நம் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். டெக்சாசில் இருக்கும் மகன் ஒரு நாள் போனில், "அப்பா, பிக்கப் வாங்கப் போகிறேன்" என்பான். "வாங்கு" என்று சொல்வதா? "வேண்டாம்" என்று சொல்வதா?

என் கருத்தை முதலிலேயே சொல்லி விடுகிறேன். சுமை ஏற்ற வாங்கினால், இது தங்கமான வண்டி. சொகுசுக்கு வாங்கினால், பணம் நஷ்டம். அது மட்டும் அல்ல. வண்டியின் பலமும் குறைந்துவிடும்.

சொகுசு கூடினால் பலம் குறையுமா? குறையும்! எப்படி என்று கேளுங்கள்.

281 டாலர்

முதலில் கொஞ்சம் பழங்கதை.

அமெரிக்க விவசாயிகள் அந்தக் காலத்தில் ஃபோர்டு கார் வாங்கினார்கள். பின்பக்கத்தை வெட்டி எடுத்துவிட்டு, மரப்பெட்டி வைத்துக் கட்டினார்கள். அதில் வைக்கோல், பால் பாத்திரம், பன்றிக்குட்டி எல்லாம் ஏற்றினார்கள். கம்பெனி இதைக் கவனித்தது. 1925ஆம் ஆண்டில் தொழிற்சாலையிலேயே பெட்டி வைத்து விற்றது. விலை 281 டாலர்.

எஃப் வரிசை 1948ஆம் ஆண்டில் வந்தது. எஃப்-150 என்ற பெயர் 1975ஆம் ஆண்டு மாடலில் வந்தது. அப்போதும் அது உழைப்பாளியின் வண்டிதான். ஒரே நீள இருக்கை. இரண்டு கதவு. பின்னால் பெரிய தொட்டி.

பிறகு, கொஞ்சம் கொஞ்சமாகக் கதவு நான்கு ஆனது. இருக்கைக்குத் தோல் உறை வந்தது. கூரைக்குக் கண்ணாடி வந்தது. முன்னால் இருக்கும் அறை வளர வளர, பின்னால் இருக்கும் தொட்டி குறுகியது. முன்பு 8 அடி நீளத் தொட்டி சாதாரணம். இன்று கடைகளில் நிற்பவற்றில் பெரும்பாலும் ஐந்தரை அடிதான்!

விலை? 2025ஆம் ஆண்டு மாடலில், ஒன்றும் இல்லாத சாதா வண்டி ஏறக்குறைய 40 ஆயிரம் டாலர். எல்லாச் சொகுசும் உள்ள வண்டி 70 ஆயிரத்தைத் தாண்டும்.

இடையில் ஒரு கோழிக் கதையும் உண்டு. 1960களின் தொடக்கத்தில், அமெரிக்கக் கோழிக்கு ஐரோப்பிய நாடுகள் வரி போட்டன. அமெரிக்கா பதிலுக்கு வெளிநாட்டுச் சிறு லாரிகளுக்கு 25 சதவீத வரி போட்டது. 1964ஆம் ஆண்டில் அது நடைமுறைக்கு வந்தது. கோழிச் சண்டை ஓய்ந்தது. லாரி வரி ஓயவில்லை. வெளிநாட்டிலிருந்து மலிவான சிறிய பிக்கப்புகள் வந்து குவியாமல் போனதற்கு இந்த வரியும் ஒரு காரணம். கோழி செய்த வேலையைப் பாருங்கள்!

எதில் கெட்டி?

வண்டியின் அடிச்சட்டம் எஃகு. அதன் மேல் இருக்கும் உடல் அலுமினியம். 2015ஆம் ஆண்டு மாடலில் இந்த மாற்றத்தைச் செய்தார்கள். அதனால் எடை 300 கிலோ வரை குறைந்தது.

அமெரிக்காவின் வடபகுதியில் குளிர்காலத்தில் பனி விழும். பனி உருகச் சாலையில் உப்பைக் கொட்டுவார்கள். அந்த உப்பு, இரும்பு வண்டிகளை அரித்துத் தின்றுவிடும். அலுமினிய உடலில் செந்துரு பிடிக்காது. இது பெரிய லாபம்.

போட்டிக் கம்பெனி சும்மா இருக்குமா? 2016ஆம் ஆண்டில் செவர்லே ஒரு விளம்பரம் எடுத்தது. கற்களைத் தூக்கி ஃபோர்டின் அலுமினியத் தொட்டியில் "தடதட" என்று கொட்டினார்கள். தொட்டி ஓட்டையானது! விளம்பரம்தான், ஆனாலும் அதில் உண்மை இல்லாமல் இல்லை. கல்லும் கம்பியும் ஏற்றுகிறவர்கள், தொட்டிக்குள் கெட்டியான விரிப்புப் போட்டுக்கொள்ள வேண்டும். அலுமினியத்தை ஒடுக்கு எடுக்கத் தனிக் கருவியும் தனிப் பயிற்சியும் வேண்டும். எல்லாப் பட்டறையிலும் நடக்காது.

தொட்டியின் அகலம் நல்ல அகலம். 8 அடிக்கு 4 அடி பலகையை, சக்கர மேடுகளுக்கு நடுவே படுக்க வைக்கலாம். தச்சருக்கும் கொத்தனாருக்கும் இதன் அருமை தெரியும்.

எஞ்சின் பல வகை. 2.7 லிட்டர் எஞ்சினே 325 குதிரைச் சக்தி தருகிறது. ஒரு குடும்பத்துக்கு அது போதும்; மிச்சமும் இருக்கும். எட்டு சிலிண்டர் எஞ்சினின் உறுமலுக்காக அதிகப் பணம் கொடுக்கிறவர்கள் உண்டு. காதுக்கு இன்பம்தான், பைக்கு அல்ல.

பெட்ரோலும் மின்சாரமும் சேர்ந்து ஓடும் வகை 2021ஆம் ஆண்டு மாடலில் வந்தது. இதன் தொட்டியிலேயே மின்சாரம் எடுக்கும் துளைகள் இருக்கின்றன. கூடுதல் பணம் கொடுத்தால் 7.2 கிலோவாட் வரை மின்சாரம் கிடைக்கும்.

அதே 2021ஆம் ஆண்டு பிப்ரவரியில், டெக்சாசில் கடுங்குளிர் அடித்தது. லட்சக்கணக்கான வீடுகளில் மின்சாரம் இல்லை. குடிநீர்க் குழாய்கள் உறைந்து வெடித்தன. அப்போது இந்த வண்டி வைத்திருந்தவர்கள், வாசலில் நிறுத்தி வயர் இழுத்து, வீட்டுக்குள் விளக்கும் அடுப்பும் எரித்தார்கள். வண்டி வீட்டைக் காப்பாற்றியது!

ஒன்று நினைவில் இருக்கட்டும். வண்டியைத் திறந்த வெளியில் வைத்துத்தான் மின்சாரம் எடுக்க வேண்டும். கொட்டகைக்குள் வைத்து எஞ்சினை ஓட்டினால், மணமே இல்லாத விஷப் புகை வீட்டுக்குள் பரவும். அந்தக் குளிரில் டெக்சாசில் அப்படிப்பட்ட புகையால் உயிர் விட்டவர்கள் உண்டு.

விளம்பரம் ஒன்று; கதவு வேறு

இனி முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

"6,350 கிலோ இழுக்கும்!" என்று 2021ஆம் ஆண்டு மாடலுக்குக் கம்பெனி சொன்னது. "1,500 கிலோ சுமக்கும்!" என்றும் சொன்னது. பொய் அல்ல. ஆனால் எந்த வண்டி அப்படிச் செய்யும்? அதற்கென்றே தனியாகத் தயாரித்த வண்டி. அதில் சொகுசு மிகக் குறைவு. கடை வாசலில் பளபளவென்று நிற்கும் வண்டி அது அல்ல!

உங்கள் பிள்ளை வாங்கப் போகும் வண்டி எவ்வளவு சுமக்கும்? அதை விளம்பரத்தில் தேட வேண்டாம். ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறக்கச் சொல்லுங்கள். கதவு வந்து சாத்தும் தூணில் வெள்ளையும் மஞ்சளுமான ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். "ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை கிலோவுக்கு மேல் போகக் கூடாது" என்று அதில் இருக்கும். அந்த ஒரு வண்டிக்கு அதுதான் சரியான கணக்கு.

சொகுசு மிகுந்த நாலு கதவு வண்டிகளில் அந்த எண் பெரும்பாலும் 680 கிலோவை ஒட்டியே இருக்கும்.

நம் குட்டி யானை எவ்வளவு சுமக்கும் தெரியுமா? முக்கால் டன்! அதாவது 750 கிலோ. பெரிய யானையைவிட அதிகம்!

காரணம் எளிது. ஆளும் சாமானும் வண்டியும் சேர்ந்து இவ்வளவுதான் இருக்கலாம் என்று கம்பெனி ஒரு வரம்பு வைக்கிறது. கண்ணாடிக் கூரைக்கு எடை உண்டு. நாலு கதவுக்கு எடை உண்டு. மோட்டார் வைத்த இருக்கைக்கும் எடை உண்டு. இவை ஏற ஏற, நீங்கள் ஏற்றக்கூடிய எடை இறங்குகிறது. பணம் அதிகம் கொடுத்து, சுமக்கும் சக்தியைக் குறைத்து வாங்குகிறோம்.

"நாங்கள் சுமக்கப் போவது இல்லை. டிரெய்லர்தான் இழுக்கப் போகிறோம்" என்று சிலர் சொல்வார்கள். அங்கே சக்கரம் வைத்த வீட்டை வண்டிக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு, குடும்பத்தோடு ஊர் சுற்றப் போவது வழக்கம். இதில்தான் பல பேர் ஏமாறுகிறார்கள்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். டிரெய்லரின் எடை 4,000 கிலோ. விளம்பரம் சொன்ன 6,350 கிலோவுக்கு எவ்வளவோ குறைவு! பயம் இல்லை என்று தோன்றும். ஆனால் டிரெய்லரின் எடையில் நூற்றுக்கு 10 முதல் 15 பங்கு, வண்டியின் கொக்கி மேல் உட்காரும். அப்படி உட்கார்ந்தால்தான் டிரெய்லர் ஆடாமல் வரும். 12 பங்கு என்று வையுங்கள். 480 கிலோ ஆயிற்று.

அப்பா 85 கிலோ. அம்மா 65. பெரியவன் 45. சின்னவள் 35. மொத்தம் 230.

480ம் 230ம் 710. சீட்டில் இருப்பது 680!

இன்னும் ஒரு பெட்டி ஏற்றவில்லை. சோற்றுப் பானை வைக்கவில்லை. அதற்குள் 30 கிலோ மிஞ்சிவிட்டது.

மிஞ்சினால் என்ன? எஞ்சின் இழுக்கத்தான் செய்யும். அதுதான் ஆபத்து. பின்பக்கம் தாழும், முன்பக்கம் எழும். ஸ்டியரிங் பிடி இலேசாகிவிடும். டயர் சூடேறும். பிரேக் போட்டால் நிற்கும் தூரம் கூடும். மலை இறக்கத்தில் இவை எல்லாம் ஒன்று சேரும்.

அங்கே நெடுஞ்சாலைகளில் லாரிகளுக்கு எடை போடும் நிலையங்கள் உண்டு. சில டாலர் கொடுத்தால், குடும்பத்தோடும் டிரெய்லரோடும் நிறுத்தி எடை பார்க்கலாம். முதல் பயணத்துக்கு முன் இதைச் செய்து விடுவது நல்லது.

தீனியையும் சொல்ல வேண்டும். சும்மா ஓடினால் லிட்டருக்கு எட்டு, ஒன்பது கிலோமீட்டர் கிடைக்கும். மின்சாரமும் சேர்ந்த வகையில் பத்தை ஒட்டி வரும். பெரிய டிரெய்லரை இழுத்தால் ஏறக்குறைய பாதிதான். யானையைக் கட்டினால் தீனி போடத்தானே வேண்டும்?

குழந்தைகள் ஜாக்கிரதை!

இந்த வண்டிகளின் மூக்கு உயரம். சிறு குழந்தை மூக்குக்கு நேர் எதிரே நின்றால், உள்ளே இருப்பவர் கண்ணுக்குப் படாது.

அமெரிக்காவில் காப்பீட்டுக் கம்பெனிகள் நடத்தும் சாலைப் பாதுகாப்பு நிலையம் ஒன்று, நடந்து போனவர்கள் மீது வண்டி மோதிய ஏறக்குறைய 18 ஆயிரம் விபத்துகளை ஆராய்ந்தது. முடிவை 2023ஆம் ஆண்டில் வெளியிட்டது. மூக்கு 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டிகள் மோதினால், தாழ்ந்து சரிந்த மூக்குள்ள வண்டிகள் மோதுவதைவிட, உயிர் போகும் வாய்ப்பு ஏறக்குறைய 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. இது எஃப்-150க்கு மட்டும் உள்ள குற்றம் அல்ல. பெரிய பிக்கப்புகள் எல்லாவற்றுக்கும் பொது.

வீட்டில் தவழும் பிள்ளை இருந்தால், முன்பக்கமும் காட்டும் காமிரா உள்ள வண்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணாடிக் கூரைக்குக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம். காமிரா இருந்தாலும், வண்டியை எடுக்கும் முன் ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு ஏறுவதுதான் நல்லது.

பழைய வண்டியானால்

புதிது வாங்க முடியாதவர்கள் பழையதைத் தேடுவார்கள். அவர்களுக்கு இரண்டு வார்த்தை.

2017 முதல் 2020 வரை வந்த 3.5 லிட்டர் எஞ்சின்களில் சில, காலையில் முதல் தடவை கிளப்பும்போது "கடகட" என்று சத்தம் போடும். வால்வுகளைத் திறந்து மூடும் தண்டின் முனையில் உள்ள ஒரு பாகம் தேய்ந்ததால் வரும் சத்தம் அது. மாற்றச் செலவு அதிகம். ஆகையால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது போய்ப் பார்க்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன்பே விற்பவர் எஞ்சினைச் சூடாக்கி வைத்திருந்தால், இன்னொரு நாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு வரலாம்.

2014ஆம் ஆண்டு வண்டிகள் ஐந்தரை லட்சத்தை, 2024ஆம் ஆண்டில் கம்பெனி திரும்ப அழைத்தது. ஓடிக்கொண்டிருக்கும்போதே கியர் தானாக முதல் கியருக்கு விழக்கூடும் என்பது காரணம். வண்டி எண்ணைக் கொடுத்தால், அந்த வண்டிக்கு இப்படிப்பட்ட அழைப்பு பாக்கி உண்டா என்று அரசாங்கத்தின் சாலைப் பாதுகாப்புத் துறை சொல்லிவிடும். காசு வேண்டாம்.

யார் வாங்கலாம்? வீடு கட்டுகிறவர், தோட்டம் போடுகிறவர், படகோ குதிரையோ இழுக்கிறவர் வாங்கலாம். சாதா வண்டியையே வாங்கலாம். அதில் நல்ல கொக்கி இருக்கிறதா என்று பார்த்தால் போதும். ஆபீசுக்கும் கடைக்கும் போய்வர மட்டும் என்றால் சாதாரணக் கார் போதும். ஆண்டுக்கு இரண்டு தடவை கட்டில், பீரோ கொண்டுவர வேண்டுமா? அங்கே பிக்கப் ஒரு நாள் வாடகைக்குக் கிடைக்கும்.

வாங்குவது என்று முடிவு செய்தால், மகனை முதலில் ஓர் அளவு நாடா வாங்கச் சொல்லுங்கள். அங்கே வீட்டுக் கொட்டகையின் ஆழம் பெரும்பாலும் 20 அடி. ஐந்தரை அடித் தொட்டி வைத்த நாலு கதவு வண்டி 19 அடி 4 அங்குலம். ஆறரை அடித் தொட்டி என்றால் 20 அடியைத் தாண்டிவிடும். கொட்டகைக் கதவு மூடாது. அளக்கும்போது, துணி துவைக்கும் இயந்திரமும் பிள்ளைகளின் சைக்கிளும் அந்தக் கொட்டகையில்தான் இருக்கின்றன என்று மருமகள் நினைவுபடுத்துவாள்.