வாயை ஊதச் சொன்ன வைத்தியம்

'இன்னாய்யா, காலையிலயே ஊத்திக்கினியா? வாய ஊது.'

கேட்டது போலீஸ்காரன் இல்லை, ஸ்டெதாஸ்கோப் மாட்டிய டாக்டர். கேட்கப்பட்டவர் என் பெரியப்பா. திண்டிவனம் பக்கத்துச் சேரிக்காரர். கரும்பு வெட்டிக்கொண்டிருந்தபோது வலது கை துவண்டு கத்தி நழுவியது. வாய் ஒருபக்கம் கோணிற்று, பேச்சு குழறிற்று. தூக்கிக்கொண்டு ஓடினோம். ஒரு ஊசி போட்டார்கள். பிரஷர் பார்க்கவில்லை. ஒரு மணி நேரத்தில் எல்லாம் தானாகச் சரியானது. 'குடிக்காம தூங்கு' என்று அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் இரவு விழுந்தார். அதே இடத்துக்குத்தான் போனோம். 'நேத்து வந்த தண்ணி கேசு' என்றார்கள். விடியும்வரை குளுக்கோஸ் ஏறியது. பிறகுதான் ஸ்கேனுக்கு அனுப்பினார்கள். வலது பக்கமும் பேச்சும் அதற்குள் போய்விட்டன.

அந்த மருத்துவமனையின் பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் ஒரு டாக்டரின் பிழை என்று முடித்துவிடுவார்கள். நான் பேசுவது ஒரு பார்வையைப் பற்றி.

அன்று நாங்களும் ஒரு தவறு செய்தோம். 'ஐயா, இவரு குடிக்கவே மாட்டாருங்க' என்று கெஞ்சினோம். ஏன் கெஞ்ச வேண்டும்? குடித்தவன் மூளையில் ரத்தக்குழாய் அடைக்காதா? அதிகக் குடி பக்கவாத ஆபத்தைக் கூட்டும் என்பது டாக்டர் படித்த பாடம்தானே! வாயில் சாராய வாடையே அடித்தாலும் செய்ய வேண்டிய சோதனை ஒன்றுதான். ஒழுக்கச் சான்றிதழ் காட்டினால்தான் வைத்தியம் என்றால் அதற்குப் பெயர் மருத்துவம் இல்லை, தீண்டாமை.

என்ன பெரிய சோதனை? சிரிக்கச் சொல், முகம் கோணுகிறதா பார். இரண்டு கையையும் தூக்கச் சொல், ஒன்று இறங்குகிறதா பார். ஒரு வாக்கியம் சொல்லச் சொல். பிரஷர் பார், சர்க்கரை பார். ஐந்து நிமிஷ வேலை. வந்து மறையும் வாதம் பெரிய வாதத்துக்கு முன்னறிவிப்பு, அடுத்த இரண்டு நாள்தான் மிக ஆபத்தானவை. பெரிய குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சராசரியாக 19 லட்சம் நரம்பணுக்கள் சாகின்றன. கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அதற்கும் முன்னால் அடைப்பா, ரத்தக்கசிவா என்று ஸ்கேனில் பார்த்தாக வேண்டும். 'காலையில பாக்கலாம்' என்ற சொல்லுக்கு விலை ஒரு கையும் ஒரு காலும்.

வசதி இல்லை என்று சொல்ல முடியாது. 2008இல் 108 வண்டி வந்தது. விழுப்புரம் சாலையில் முண்டியம்பாக்கத்தில் 2010இல் மருத்துவக் கல்லூரி வந்தது. புதுச்சேரியில் ஜிப்மர் இருக்கிறது. ஆனால் அங்கே போ என்று முதலில் பார்ப்பவன் சொல்ல வேண்டும். அவன் கண்ணுக்கு நோய்க்கு முன்னால் சேரி தெரிந்துவிடுகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? எல்லோருக்கும் இலவசமாகப் பார்க்கும் மருத்துவமனை நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 1995இல் சாந்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. காசு கொடுப்பவன் நுகர்வோர், கொடுக்க முடியாதவன் யார்? ஆனால் இன்னொரு தீர்ப்பும் இருக்கிறது. 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட ஹக்கீம் ஷேக்கை மேற்கு வங்க அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. வழக்குப் போட்டது அவர் சார்ந்த விவசாயத் தொழிலாளர் சங்கம். அவசர சிகிச்சை மறுப்பது 21ஆம் பிரிவு தரும் உயிர்வாழும் உரிமையை மீறுவது என்று 1996இல் தீர்ப்பு வந்தது. நஷ்டஈடு 25,000 ரூபாய். கூலிக்காரர்களின் சங்கம் வாங்கிய தீர்ப்பு அது. நம் சங்கங்கள் எத்தனை வழக்குப் போட்டிருக்கின்றன?

தோழர்களே, வன்கொடுமை என்றால் வெட்டும் தீயும் மட்டும்தானா? ஓ.பி. சீட்டில் பிரஷர் எழுதாமல் விடுவதையும் அந்தக் கணக்கில் சேருங்கள். நம்மாள் ஒருவர் குழறினால், கடைசியாக நன்றாக இருந்த நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். டாக்டரிடம் அதைச் சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். உள்நோயாளியின் ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு மருத்துவக் கவுன்சில் விதி இருக்கிறது. கேளுங்கள். தராவிட்டால் பத்துப் பேராகப் போய்க் கேளுங்கள்.

பெரியப்பா இப்போது திண்ணையில் கிடக்கிறார். ஏதோ சொல்ல வருகிறார், வார்த்தை வரவில்லை. தெருவில் போகிற ஊர்க்காரர் ஒருவர் சென்ற வாரம் கேட்டார்: 'இன்னா, இன்னும் தெளியலியா?'