பட்டம் பெற்ற பின் பாதை

கல்லூரிப் படிப்பு முடிந்தவுடன் ஒவ்வோர் இளைஞரையும் எதிர்கொள்ளும் வினா, "அடுத்து என்ன?" என்பதாகும். பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்களில் இவ்வினாவிற்குப் பெரும்பாலும் இரண்டு விடைகளே கூறப்படுகின்றன. ஒன்று, அரசுப் பணிக்குத் தேர்வெழுதிக் காத்திருத்தல். மற்றொன்று, வளைகுடா நாட்டு விசாவிற்குக் காத்திருத்தல். இரண்டிலும் தவறில்லை. ஆயினும், காத்திருப்பதனால் மட்டும் ஒருவருக்குத் தம் வாழ்வின் திசை புலப்பட்டுவிடாது. உழைத்தும், புதியன படைத்தும், அறியாத ஊரில் பிறர்க்குத் தொண்டாற்றியும் பழகும்போதுதான் அது தெளிவாகிறது. இதற்கு இப்பகுதியோடு தொடர்புடைய இருவரின் வாழ்க்கை சான்றாகும். ஒருவர் இங்கிருந்து வெளியே சென்றவர். மற்றவர் வெளிநாட்டிலிருந்து வந்தவர்.

முதலாமவர் ஜி. இராமச்சந்திரன். 1904ஆம் ஆண்டு பிறந்த இவரது இல்லமான 'மாதவி மந்திரம்' நெய்யாற்றின்கரையில் உள்ளது. இவர் வங்காளத்துச் சாந்திநிகேதனில், தாகூர் நிறுவிய விசுவபாரதியில் பயின்றார். மாணவராக இருந்தபோதே, 1924ஆம் ஆண்டு தில்லியில் காந்தியடிகளைச் சந்தித்து, கலையைப் பற்றியும் இயந்திரங்களைப் பற்றியும் துணிவுடன் வினவினார். எல்லா இயந்திரங்களையும் தாம் எதிர்க்கவில்லை என்று விளக்கிய காந்தியடிகள், சிங்கர் தையல் இயந்திரத்தை எடுத்துக்காட்டாகக் கூறினார். அவ்வுரையாடல் 'யங் இந்தியா' இதழில் வெளிவந்தது. கேள்வி கேட்டதோடு இராமச்சந்திரன் நின்றுவிடவில்லை. படிப்பு முடிந்ததும் சபர்மதி ஆசிரமத்தில் சேர்ந்து பயிற்சி பெற்றார்; கதர்ப் பணியிலும் தீண்டாமை ஒழிப்பிலும் ஈடுபட்டார். பின்னர் இவரும் இவருடைய துணைவியார் மருத்துவர் சௌந்தரமும், 1947ஆம் ஆண்டு திண்டுக்கல்லை அடுத்த சின்னாளப்பட்டியின் அருகே காந்திகிராமத்தைத் தொடங்கினர். அங்கு 1956இல் உருவான கிராமியக் கல்வி நிறுவனம், 1976இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. மலையாள நாட்டில் வளர்ந்த ஒருவர், தமிழ்நாட்டுச் சிற்றூர் மக்களிடையே தம் பணியைக் கண்டுகொண்டார். முதுமையில் நெய்யாற்றின்கரைக்குத் திரும்பிய அவர், 1995இல் மறைந்தார்.

இரண்டாமவர் லாரி பேக்கர். இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் 1917ஆம் ஆண்டு பிறந்த இவர், 1937இல் கட்டடக்கலையில் பட்டம் பெற்றார். விரைவிலேயே இரண்டாம் உலகப் போர் மூண்டது. போரில் ஆயுதம் ஏந்த விரும்பாத இவர், குவேக்கர் நெறியினர் நடத்திய மருத்துவ உதவிப் பிரிவில் சேர்ந்து சீனாவுக்குச் சென்றார். அங்குக் காயமுற்றோருக்கும் தொழுநோயாளருக்கும் பணிவிடை செய்தார். தாயகம் திரும்பும் வழியில், பம்பாயில் கப்பலுக்காகக் காத்திருந்த நாள்களில் காந்தியடிகளைச் சந்தித்தார். அச்சந்திப்பு அவரை மீண்டும் இந்தியாவிற்கு அழைத்தது. 1945இல் வந்து, தொழுநோய் மருத்துவமனைகளைக் கட்டும் பணியை ஏற்றார். இமயமலைச் சரிவிலுள்ள பிதோராகரில் ஏறத்தாழ 16 ஆண்டுகள் வாழ்ந்தபோது, அவ்வூர் மக்கள் கல்லும் மண்ணும் கொண்டு வீடு கட்டும் முறையைக் கண்டு, தாம் கல்லூரியில் கற்றதைத் திருத்திக்கொண்டார். பின்பு கேரளத்திற்கு வந்து, ஏழைகளும் எளிதில் கட்டக்கூடிய வீடுகளை வடிவமைத்தார். நடுவே வெற்றிடம் விட்டுச் செங்கற்களை அடுக்கும் சுவரினால் செங்கல் செலவும் குறைந்தது. வீட்டினுள் வெப்பமும் தணிந்தது. பாறசாலையிலிருந்து தொடர்வண்டியில் திருவனந்தபுரம் செல்வோர், தம்பானூரில் செங்கல்லால் சுழன்றேறும் இந்தியன் காபி ஹவுஸ் கட்டடத்தைக் கண்டிருப்பர். அது பேக்கரின் படைப்பாகும்.

இவ்விருவர் வாழ்விலும் மூன்று செய்திகள் பொதுவாக உள்ளன. இருவரும் சென்ற இடத்திற்குக் கைத்திறனையும் உழைப்பையும் கொண்டு சென்றனர். இருவரும் கற்பிக்கும் முன் அவ்வூரிடம் கற்றனர். இருவரும் ஓரிரு மாதங்களில் திரும்பிவிடவில்லை. தொழில் எதுவும் அறியாமல் தொண்டு செய்யப் புறப்படுபவர், உதவச் சென்ற ஊருக்கே சுமையாகிவிடக்கூடும். ஆகவே, தொண்டுக்குப் புறப்படும் இளைஞர் முதலில் ஒரு தொழிலைச் செவ்வனே பழக வேண்டும்.

"வயிற்றுப்பாட்டுக்கே வழி தேட வேண்டிய குடும்பத்துப் பிள்ளைக்குத் தொண்டு எதற்கு?" என்று சிலர் வினவலாம். அவ்வினா நியாயமானதே. கூலி வேலை செய்து பிள்ளையைப் பட்டதாரியாக்கிய பெற்றோரிடம், ஊதியமின்றி இரண்டாண்டுகள் காத்திருங்கள் என்று சொல்வது பொருந்தாது. ஆனால், தொண்டுக்கு வேலையைத் துறக்க வேண்டுவதில்லை. கடல் கடக்கவும் வேண்டுவதில்லை. 1969இல் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம், கல்லூரியில் பயிலும்போதே ஆண்டிற்கு 120 மணிநேரம் பணியாற்ற வாய்ப்பளிக்கிறது. சிற்றூர்களில் தங்கிப் பணிபுரியும் முகாம்களும் அதில் உண்டு. வெளிநாட்டில் பணியாற்ற விரும்புவோருக்கு, 1970இல் ஐக்கிய நாடுகள் அவை ஏற்படுத்திய தன்னார்வலர் அமைப்பு உள்ளது. ஊதியத்திற்குச் செய்யும் வேலையிலும், விடுமுறை நாள்களில் நூலகத்தில் செய்யும் உதவியிலும், தறியிலோ வரைபலகையிலோ உருவாக்கும் புதுப் படைப்பிலும் ஒருவர் தம்மை அறிந்துகொள்ள முடியும்.

இவ்வகையில் எல்லையூர்ப் பிள்ளைகளுக்குத் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. வீட்டில் தமிழும் வீதியில் மலையாளமுமாக வளரும் அவர்கள், இரு மக்களிடையே வாழும் பயிற்சியை இளமையிலேயே பெற்றுவிடுகின்றனர். புதிய ஊரில் பணியாற்றச் செல்வோருக்கு முதலில் வேண்டுவது இப்பயிற்சியே. இதனைக் குறையாகக் கருதி வெட்கப்படும் பிள்ளை, தன் கையிலுள்ள செல்வத்தை இழக்கிறது. மருத்துவமனையில் மொழி தெரியாமல் தயங்கி நிற்கும் ஒரு தொழிலாளிக்குப் படிவம் நிரப்பித் தரும் மாணவர், தொண்டின் முதல் பாடத்தைக் கற்றவராவார். பட்டம் பெற்றபின் "அடுத்து என்ன?" என்னும் வினா எழும்போது, அவருக்கு விடை தேடத் தொடங்க ஓர் இடம் இருக்கும்.