கால் முறிந்தவருக்குத் தோள் கொடுப்போம்

கீழ்க்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுடன் வீடு திரும்பியவரை நாம் கட்டிலில் கிடத்திவிடுகிறோம். முறிந்த எலும்புக்கு ஓய்வு தேவைதான். நலமாயுள்ள மறுகாலும் முதுகும் கைகளும் அதனுடன் சேர்ந்து படுத்துவிட வேண்டுமா?

உடற்பயிற்சி நிலையங்களிலுள்ள துடுப்புப் பொறியை எண்ணிப் பார்ப்போம். நகரும் இருக்கையில் அமர்ந்து, கைப்பிடியை மார்புவரை இழுக்கும் கருவி அது. உடலின் பாரத்தை இருக்கை தாங்குவதால், ஓடும்போது போலக் காலில் அதிர்ச்சி விழுவதில்லை. ஆயினும் இழுப்பின் பெரும் வலிமை கால்களின் உந்துதலிலேயே பிறக்கிறது. முன்னே வரும்போது கணுக்காலும் மிக மடிகிறது. ஆகவே மருத்துவர் இசையும்வரை காயமுற்ற காலால் உந்தலாகாது. அதைச் சக்கரப் பலகையொன்றின்மேல் நீட்டிவைத்து, மறுகாலால் மட்டும் மெல்ல உந்துவோரும் உளர். அதற்கும் மருத்துவரின் அனுமதி வேண்டும்.

கனடா நாட்டுத் துடுப்பு வீராங்கனை சில்கன் லாமன் 1991இல் உலக வாகை சூடியவர். 1992 மே மாதம் ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் வேறொரு படகு மோதி, அவருடைய வலக் கீழ்க்காலில் எலும்பு முறிந்து தசை சிதைந்தது. ஐந்து அறுவைச் சிகிச்சைகளுக்குப் பின், அவ்வாண்டு ஆகஸ்டிலேயே பார்சலோனா ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்றார்.

அவருடைய மனவுறுதி நமக்குப் பாடம். அவருடைய வேகம் நமக்கு அளவுகோல் அன்று. வலியோ வீக்கமோ மிகுந்தால் நிறுத்துவதே அறிவுடைமை.

குடும்பத்தாராகிய நாம் அவரை முடக்கியும் வைக்க வேண்டாம், விரட்டவும் வேண்டாம். அந்தத் தாழ்ந்த இருக்கையில் அவர் அமரும்போதும் எழும்போதும் தோள் கொடுப்போம்.