மெஷின் கொடுக்காமல் சம்பளம்

சென்னை சூப்பர் கிங்ஸ் தமிழ்நாட்டுப் பையன்களை எடுப்பதே இல்லை என்று ஏலத்துக்கு ஏலம் ஒரு புகார் கிளம்பும். டீக்கடையிலும் அதுதான் பேச்சு, வாட்ஸ்அப்பிலும் அதுதான். அந்தப் புகார் சரியில்லை. எடுக்கத்தான் செய்கிறார்கள். எடுத்து உட்கார வைக்கிறார்கள். என் சண்டை அதோடுதான்.

பனியன் கம்பெனியில் காலம் தள்ளியவர்களுக்கு இது சட்டென்று புரியும். கைமடியாக வரும் பையன் டெய்லர் பக்கத்தில் நின்று பீஸ் எடுத்துக் கொடுப்பான், மடிப்பான். சூட்டிகையான பையனாக இருந்தால், டெய்லர் சாப்பிடப் போன நேரத்தில் ஓவர்லாக்கில் உட்கார்ந்து கழிவுத் துணியை ஓட்டிப் பழகுவான். விவரமான சூப்பர்வைசர் அதைக் கண்டும் காணாதது மாதிரி போவார். கொஞ்ச நாளில் மெஷினையே கொடுத்துவிடுவார். கொடுக்காத கம்பெனியில் என்ன நடக்கும்? தீபாவளி போனஸ் வாங்கிய கையோடு பையன் பக்கத்து வீதிக் கம்பெனியில் டெய்லராக உட்கார்ந்திருப்பான்.

கிரிக்கெட்காரனுக்கு அந்த வசதிகூடக் கிடையாது. ஐ.பி.எல். ஒப்பந்தம் ஒருபக்கக் கதவு. ஒவ்வொரு சீசன் முடிந்ததும் யாரை வைப்பது, யாரை விடுவது என்று அணி பட்டியல் கொடுக்கும். பையன் "எனக்கு இங்கே மேட்ச் கிடைக்கவில்லை, கிளம்புகிறேன்" என்று தானாகப் போக முடியாது. விட்டால்தான் உண்டு, இல்லை அணி சம்மதித்து வேறு அணிக்கு மாற்றிக்கொடுத்தால் உண்டு. அதனால்தான் பெஞ்சில் போகிற வருஷங்களை நான் சம்பளக் கணக்கில் பார்ப்பதில்லை. 22 வயதிலிருந்து 26 வரை ஒரு ஆட்டக்காரனுக்குத் திரும்பி வராத வயது.

சாய் கிஷோரை எடுத்துக்கொள்ளுங்கள். 2020, 2021 இரண்டு சீசனும் மஞ்சள் உடுப்பில் இருந்தார். ஆடிய மேட்ச்? பூஜ்யம். 2022 ஏலத்தில் குஜராத் 3 கோடிக்குக் கொண்டுபோனது. அந்த வருஷமே ஃபைனலில் 2 ஓவர் போட்டு 20 ரன்னுக்கு 2 விக்கெட், கையில் கோப்பை. 2025-ல் அதே குஜராத்துக்கு 19 விக்கெட். சேப்பாக்கம் பிட்ச்சை உள்ளங்கை மாதிரி அறிந்த பையன் அகமதாபாத்துக்காகப் பந்து போட்டுக்கொண்டிருக்கிறான்.

அடுத்தது நம்ம கோயமுத்தூர் ஜெகதீசன். 2018-லிருந்து 2022 வரை சி.எஸ்.கே.யில். ஐந்து வருஷத்தில் ஆடக் கிடைத்தது மொத்தம் 7 மேட்ச். முதல் இரண்டு வருஷம் ஒன்றுகூட இல்லை. 2020 அக்டோபரில் பெங்களூருக்கு எதிராக இறக்கினார்கள், 33 ரன் அடித்தார். அடுத்த மேட்ச்சில் ஆளைக் காணோம்! அதே மாதம்தான் தோனி, இளைஞர்களிடம் அந்தப் பொறி தெரியவில்லை என்ற பொருளில் பேட்டி கொடுத்தார். 7.80 கோடி கேதார் ஜாதவிடம் என்ன பொறி தெரிந்ததோ. வாய்ப்புக் கிடைத்ததும் ருதுராஜ் கெய்க்வாட் கடைசி மூன்று மேட்ச்சிலும் வரிசையாக ஐம்பது அடித்து அந்தப் பேச்சுக்குப் பதில் சொன்னார். ஜெகதீசன் பதில் சொல்ல 2022 நவம்பர் ஆனது. விஜய் ஹசாரே போட்டியில் அடுத்தடுத்து ஐந்து சதம். அந்த ஓட்டத்தின் நடுவில்தான் சி.எஸ்.கே. அவரை விடுவித்தது. விடுவித்து ஒரு வாரம்கூட ஆகவில்லை, அருணாசலப் பிரதேசத்துக்கு எதிராக 277. லிஸ்ட் ஏ ஆட்டங்களில் அதுவரை அந்த ரன்னை யாருமே தொட்டதில்லை. எதிரணி சுமாரானது என்பீர்கள். சரி, மற்ற நான்கு சதம்?

உடனே "கோப்பை வந்ததே சார்" என்று ஒரு குரல் வரும். வந்தது. 2021, 2023 இரண்டும் அனுபவஸ்தர்களை வைத்து அடித்த கோப்பைதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த அணி முதலில் பெயர் வாங்கியது எப்படி என்பதையும் மறக்கக்கூடாது. 2011 ஃபைனலில் முதல் ஓவரிலேயே கெயிலை பூஜ்யத்தில் கழற்றிய அஸ்வினுக்கு அப்போது 24 வயது. அதே மேட்ச்சில் 95 அடித்த முரளி விஜய்க்கு 27. பத்ரிநாத் அணியின் நிரந்தர ஆள். அவர்களை நம்பி இறக்கினார்கள். இறக்கியதால்தான் அவர்கள் பெரிய ஆளானார்கள். எப்போது அந்தப் பழக்கம் போனது?

2025 அணியில் தமிழ்நாட்டுக்காரர்கள் நான்கு பேர். ஆக, எடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அஸ்வினுக்கு 9.75 கோடி, வயது 38. விஜய் சங்கருக்கு 1.20 கோடி; வயது 34. குர்ஜப்னீத் சிங்குக்கு 2.20 கோடி, அவர் பாவம், காயம்பட்டு ஆடாமலே போனார். நான்காவது ஆண்ட்ரே சித்தார்த், 18 வயது, 30 லட்சம். அந்த வருஷம் சி.எஸ்.கே. 14 மேட்ச்சில் 4 ஜெயித்து, சரித்திரத்தில் முதல்முறையாகப் பத்தாவது இடத்தில், கடைசியில் முடித்தது. அடுத்த சுற்றுக்குப் போக வழியில்லை என்று ஆன பிறகும் மேட்ச்கள் மிச்சம் இருந்தன. இழக்க ஒன்றுமில்லாத ஆட்டங்கள் அவை. சித்தார்த்துக்கு ஒன்று கூடவா கொடுக்கக்கூடாது? சீசன் நடுவில் கொண்டுவந்த ஆயுஷ் மாத்ரே, பிரெவிஸ், உர்வில் படேல் மூவரும் வந்தார்கள், வெளுத்தார்கள். அந்தப் பையன்களை நான் குறை சொல்லவில்லை. இளசுகளை இறக்கினால் ஆடுவார்கள் என்பதற்கு அவர்களே சாட்சி. சித்தார்த்தோ ஒரு பந்தும் ஆடாமல் 2025 நவம்பரில் விடுவிக்கப்பட்டார்.

தோனியைப் பற்றிப் பேசாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் பயந்துவிட்டார் பெரியவர் என்பீர்கள். ஐந்து வருஷம் சர்வதேச ஆட்டம் ஆடாதவர் 'அன்கேப்டு' என்று ஒரு விதியை மறுபடி கொண்டுவந்ததால், உலகக் கோப்பை வாங்கிக்கொடுத்த மனுஷனை 4 கோடிக்கு வைத்துக்கொண்டார்கள். கட்டிங் மாஸ்டர் பெயரைக் கைமடி சம்பளப் பட்டியலில் எழுதின மாதிரி! பணக் கணக்கில் கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் 4 கோடி என்பது அவருடைய கூலி மட்டுமே. பதினொரு மெஷினில் ஒன்று அவருக்குப் போகிறது. அதன் விலையை யாரும் எழுதுவதில்லை. டெல்லிக்கு எதிராக 184 துரத்திய மேட்ச்சில் தோனி 26 பந்தில் 30, விஜய் சங்கர் 54 பந்தில் 69, இரண்டு பேரும் அவுட் ஆகவில்லை, மேட்ச் 25 ரன்னில் தோல்வி. ஏப்ரல் மாதம் காதர்பேட்டைப் பக்கம் போனால் முதுகில் 7 போட்ட மஞ்சள் பனியன்தான் குவியல் குவியலாக விற்கும். வியாபாரம் வேண்டாம் என்று திருப்பூர்க்காரன் சொல்லமாட்டான். அவரை மைதானத்துக்கு வெளியே ஆலோசகராக உட்கார வைத்தாலும் அந்தப் பனியன் விற்கும்.

இந்தப் பக்கம் நம்ம ஊர்ப் பெயரில் ஓடும் அணியைப் பாருங்கள். ஐட்ரீம் திருப்பூர் தமிழன்ஸ். பழைய காரைக்குடி காளைதான் பெயர் மாறி வந்தது. ஊரில் ஒரு நல்ல மைதானம் இல்லாததால் ஆடுவதெல்லாம் வெளியூரில். அது இருக்கட்டும். 2024 டி.என்.பி.எல். ஏலத்தில் சாய் கிஷோருக்கு 22 லட்சம் கொட்டினார்கள். அந்த அளவு ஏலத்தில் அது பெரிய தொகை, "ஒரே ஆளுக்கா?" என்று கேட்டவர்கள் உண்டு. பந்தைக் கொடுத்தார்கள், கேப்டன் பொறுப்பையும் கொடுத்தார்கள். அந்த வருஷம் திண்டுக்கல்லிடம் தோற்று ஃபைனலைத் தவறவிட்டபோது அணியைக் கலைத்து எறியவில்லை. துஷார் ரஹேஜாவைத் தொடர்ந்து தொடக்க ஆட்டக்காரராக இறக்கினார்கள். 2025-ல் அவர் 488 ரன். ஜூலை 6, திண்டுக்கல் நத்தம் மைதானத்தில் ஃபைனல். ரஹேஜா 77, அமித் சாத்விக் 65, மொத்தம் 220. எதிரணி 102-க்குச் சுருண்டது. 118 ரன் வித்தியாசத்தில் திருப்பூருக்கு முதல் கோப்பை. எதிரணிக் கேப்டன் யார் தெரியுமா? 9.75 கோடி அஸ்வின்! சி.எஸ்.கே. இரண்டு வருஷம் ஒரு பந்துகூடப் போட விடாத பையன்தான் கோப்பையைத் தூக்கினான்.

டி.என்.பி.எல். வேறு, ஐ.பி.எல். வேறு, ஒப்பிடக்கூடாது என்பார்கள். தரத்தை நானும் ஒப்பிடவில்லை. எடுத்த ஆளை ஆட விடும் பழக்கத்தைத்தான் ஒப்பிடுகிறேன்; அதற்குக் கோடிகள் தேவைப்படாது.

சி.எஸ்.கே.யும் கொஞ்சம் மாறத் தொடங்கியிருப்பது தெரிகிறது. 2025 டிசம்பர் ஏலத்தில் 20 வயது பிரசாந்த் வீருக்கும் 19 வயது கார்த்திக் சர்மாவுக்கும் தலா 14.20 கோடி கொடுத்திருக்கிறார்கள். ஒருவர் உத்தரப் பிரதேசம், இன்னொருவர் ராஜஸ்தான். எந்த ஊராக இருந்தால் என்ன, மஞ்சள் போட்டால் நம்ம பையன்கள்தான். வீட்டிலிருந்த 19 வயதுப் பையனை 30 லட்சத்துக்கு வைத்துக்கொள்ள மனம் வராமல், ஒரு மாதத்தில் இவ்வளவு பெரிய மூட்டையை அவிழ்த்ததுதான் எனக்குப் புரியவில்லை. போகட்டும். இந்த இரண்டு பேரையாவது முதல் மேட்ச்சிலிருந்து இறக்குங்கள். நாலு மேட்ச்சில் சொதப்பினாலும் ஐந்தாவதிலும் இறக்குங்கள். தண்ணீர் பாட்டில் தூக்கிக்கொண்டு ஓட வேறு ஆள் பாருங்கள்.