சாம்பார்ல உப்பில்லீங்க!

முதியோர் இல்லத்தில் வேலை பார்ப்பவர்களைக் கேளுங்கள். ''எல்லாரையும் சமாளிச்சுடலாம் சார்... அந்த ஒருத்தரைத்தான் முடியலை!'' என்பார்கள்.

காபி ஆறிப்போச்சு. சாம்பார்ல உப்பில்லை. பக்கத்துக் கட்டில்காரர் குறட்டை. தினம் மூணு புகார்; ஞாயிற்றுக்கிழமை போனஸாக இன்னொண்ணு!

யார் அந்த ஒருத்தர்? சத்தியமங்கலத்தில், விடியறதுக்கு முன்னாலேயே மல்லிகைத் தோட்டத்தில் நின்று, ''மொட்டு விரியறதுக்குள்ள பறிங்கடா!'' என்று விரட்டியவராக இருக்கலாம். பையனுக்குக் கோவையில் வேலை. தோட்டம் கைமாறியாச்சு. இப்போது தூங்கவும் சாப்பிடவும் அவருக்கே மணியடிக்கிறார்கள். அதிகாரம் பண்ண மிச்சமிருப்பது சாம்பார் மட்டும்தான். விடுவாரா?

அமெரிக்காவில் எல்லன் லாங்கர், ஜூடித் ரோடின் என்ற இருவர், கனெக்டிகட் மாநில முதியோர் இல்லம் ஒன்றில் செய்த ஆய்வு 1976-ல் வெளியானது. ஒரு மாடிக்காரர்களிடம், ''உங்க விஷயத்தை நீங்களே முடிவு பண்ணுங்க'' என்று சொல்லி, ஆளுக்கொரு செடி கொடுத்து, வளர்க்கும் பொறுப்பையும் ஒப்படைத்தார்கள். இன்னொரு மாடியிலும் செடி உண்டு; தண்ணீர் ஊற்றியது நர்ஸ். மூன்றே வாரத்தில் முதல் மாடிக்காரர்களிடம் சுறுசுறுப்பும் சந்தோஷமும் கூடியிருந்தன!

ஆகவே இல்லத்துக்காரர்களே, புகார் வருமுன் கரண்டியை நீட்டுங்கள்: ''ஏனுங் அப்பாரு, உப்பு பாத்துச் சொல்றீங்களா?''

மாசாமாசம் பணம் கட்டும் பிள்ளைகளே, பெற்றோருக்கு ஜீவனாம்சம் தரச்சொல்லி 2007-லேயே சட்டம் வந்துவிட்டது. ''சாப்ட்டீங்களாப்பா?'' என்று கேட்கச்சொல்லிச் சட்டமில்லை.

போன்தான் இருக்கிறதே!