லோட் இல்லாத மாதங்கள்



புந்தோங்கிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது. எழுதியவர் ஒரு லோரி ஓட்டுநரின் மனைவி. கணவர் டிரிப் குறித்து வைக்கும் நோட்டுப் புத்தகத்திலிருந்து இரண்டு பக்கங்களைப் படம் பிடித்துக் கூடவே அனுப்பியிருந்தார். அக்டோபர் பக்கத்தில் இடமே இல்லை. பீடோர், தாப்பா, லூமுட், மறுபடியும் லூமுட் என்று ஓரம் வரைக்கும் எழுத்து. பிப்ரவரி பக்கத்தில் பாதிக்கு மேல் வெறும் தாள். "வீட்டு வாடகை இரண்டு மாதத்துக்கும் ஒன்றுதானே ஐயா?" என்று கேட்டிருக்கிறார்.

அந்த வெறும் தாளுக்குக் காரணம் அவர் கணவர் இல்லை. பேராக்கில் நம் பழைய ரப்பர் தோட்டங்களில் பெரும்பாலானவை இன்று செம்பனைக் காடுகள். செம்பனை ஆண்டு முழுக்க ஒரே அளவில் காய்ப்பதில்லை. செப்டம்பர், அக்டோபரில் குலை குவியும்; ஆண்டின் முதல் மாதங்களில் குறைந்துவிடும். வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலைக்குப் போய்ச் சேர வேண்டும், இல்லாவிட்டால் எண்ணெயின் தரம் கெடும். அதனால் காய்ப்புக் காலத்தில் ஆலை வாசலில் லோரிகள் வரிசை கட்டி நிற்கும். ஓட்டுநருக்குத் தூக்கம்கூட ஸ்டியரிங் மேல்தான். மந்தக் காலத்தில் அதே லோரி ஷெட்டில் நிற்கும்.

சிம்பாங் பூலாயில் கல் ஏற்றுபவர்களுக்கும் ஈப்போவில் சிமெண்ட் ஏற்றுபவர்களுக்கும் அதே மாதங்கள்தான் மந்தம். சீனப் புத்தாண்டுக்குக் கட்டுமான வேலைகள் நின்று போகும். அது முடிந்து ஓட ஆரம்பித்தால் நோன்புப் பெருநாள் வந்துவிடும். 2025-இல் முன்னது ஜனவரி 29, பின்னது மார்ச் 31. இரண்டு பெருநாளுக்கும் முன்னும் பின்னும் சில நாள் சரக்கு லோரிகள் சாலையில் இறங்கத் தடை. விபத்தைக் குறைக்க வந்த தடை அது, நான் குறை சொல்லவில்லை. ஆனால் நாடு முழுவதும் நிம்மதியாக ஊருக்குப் போக ஒருவர் தன் வருமானத்தை விட்டுக்கொடுக்கிறார் என்பதை நம்மில் யாராவது நினைத்துப் பார்க்கிறோமா? தீபாவளிக்குக் கையில் காசு இருக்கும் ஓட்டுநர் வீட்டில், குனோங் சீரோ தைப்பூசத்துக்குக் காவடி கட்டும்போது கடன் இருக்கும்.

நம் மக்களுக்கு இது புதிதில்லை. கோலகங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்றும் நிற்கிறது. அந்த மரத்துக்குப் பிறகு வந்த தோட்டங்களில்தான் நம் தாத்தா பாட்டிகள் பால் வெட்டினார்கள். பிப்ரவரி தொடங்கி இலை உதிரும், பால் வற்றும், சம்பளம் இறங்கும். மழை பெய்தாலும் வெட்டு இல்லை, காசும் இல்லை. இலை உதிர்ந்ததற்கு முதலாளியின் கணக்கில் தண்டனை கிடையாது. வெட்டியவரின் அரிசிப் பானைக்குத்தான் தண்டனை. அதனால்தான் தோட்டத் தொழிலாளர்கள் மாதச் சம்பளம் கேட்டுப் பல ஆண்டுகள் போராடினார்கள். தோட்டம் போய், லயம் போய், பேரன் லோரியில் ஏறிவிட்டான். அவன் வாங்குவது டிரிப் காசு. பாலை நிறுத்துக் கொடுத்த கூலிக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை.

ஆனால் தாத்தாவுக்கு இல்லாத ஒன்று பேரனுக்கு இருக்கிறது. குறைந்தபட்ச சம்பள ஆணை: இப்போது மாதம் 1,700 வெள்ளி. 2025 பிப்ரவரியில் தொடங்கி, அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் சிறிய முதலாளிகளுக்கும் சேர்த்து நடப்பில் இருக்கிறது. அடிப்படைச் சம்பளம் இல்லாமல் டிரிப், டன், கமிஷன் கணக்கில் மட்டும் வாங்கும் ஊழியருக்கும் மாதச் சம்பளம் அதற்குக் கீழே போகக்கூடாது என்று அந்த ஆணையிலேயே எழுதியிருக்கிறது. "லோட் இல்லை, அதனால் காசு இல்லை" என்ற பேச்சு சட்டத்தின் முன் நிற்காது. இது தெரியாத ஓட்டுநர்கள் எத்தனையோ பேர். தெரிந்தும் கேட்கத் தயங்குகிறவர்கள் இன்னும் அதிகம்; கேட்டால் அடுத்த லோட் வேறு ஆளுக்குப் போய்விடுமோ என்ற பயம்.

வெறும் மாதத்தின் கடனை அடைக்கத்தான் நல்ல மாதத்தில் கூடுதல் டிரிப், கூடுதல் பாரம், குறைந்த தூக்கம். 2025 மே 13-ஆம் தேதி, தெலுக் இந்தான் சித்ரா பௌர்ணமித் திருவிழாவில் காவல் பணி முடித்துத் திரும்பிய எஃப்ஆர்யு கலகத் தடுப்புக் காவலர்கள் ஒன்பது பேர், கல் ஏற்றிய லோரி மோதி உயிரிழந்தார்கள். அந்த லோரியில் அளவுக்கு மீறிய பாரம் இருந்ததாகப் போக்குவரத்து அமைச்சின் விசாரணை சொன்னது. அந்த ஒரு விபத்துக்கு யார் பொறுப்பு என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். ஆனால் ஓடினால்தான் சோறு என்ற ஏற்பாடு இருக்கும்வரை, வேகத்தையும் பாரத்தையும் அபராதத்தால் மட்டும் அடக்கிவிட முடியாது என்பது என் உறுதியான எண்ணம்.

சொந்த லோரி வைத்து ஓட்டுபவர்களை இந்த ஆணை காக்காது. அவர்களுக்கு வங்கித் தவணை மந்தக் காலம் பார்த்து வருவதில்லை. சுயதொழில் செய்வோருக்கான சொக்சோ சமூகப் பாதுகாப்புத் திட்டம் இருக்கிறது. ஊழியர் சேமநிதியின் ஐ-சாரான் திட்டத்தில் போடும் பணத்துக்கு அரசாங்கமும் ஒரு பங்கு சேர்க்கிறது. அக்டோபரில் கொஞ்சமாவது அதில் போட்டு வையுங்கள்.

லோரி வைத்திருக்கும் வாசகர்களே, உங்களில் பலர் ஒரு காலத்தில் நீங்களே ஸ்டியரிங் பிடித்தவர்கள். அடிப்படைச் சம்பளத்தைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள், டிரிப் காசு அதற்கு மேல் இருக்கட்டும். ஓட்டுநர்களின் பிள்ளைகளே, இந்த மாதம் அப்பாவின் சம்பளச் சீட்டை வாங்கிப் படியுங்கள். 1,700-க்குக் கீழே இருந்தால் அதையும் டிரிப் நோட்டையும் எடுத்துக்கொண்டு அவரோடு தொழிலாளர் இலாகாவுக்குப் போங்கள். புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை.

அன்புடன்,
ஆசிரியர்